பிரேக், ஷாக், டயர்: வீட்டு வாசலில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

1/
போன வாரம், வீட்டு வாசலில் முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி ஸ்டாண்டில் நிற்க வைத்திருந்த காரின் போட்டோ ஒன்றைப் போட்டிருந்தேன். அதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "டாக்டர், சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் வீட்டிலேயே அப்கிரேடு பண்ணலாமா? எதை மாட்டினா நல்லது?"

தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த நீளமான இழை. கார் ஓட்டுபவர்கள், பிள்ளைக்கு கார் கொடுத்திருக்கும் பெற்றோர், பழைய கார் வாங்கப் போகிறவர்கள், எல்லோரும் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

2/
"எலும்பு டாக்டருக்கு மெக்கானிக் வேலை எதுக்கு?" என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். பிழைத்தவர்களில் எலும்பு உடைந்தவர்கள் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.

3/
காரில் மோதி வருகிறவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் காயம் ஒன்று உண்டு. முழங்கால் டேஷ்போர்டில் இடித்து, அந்த விசை தொடை எலும்பு வழியாகப் போய், இடுப்பு மூட்டின் பந்து பின்பக்கமாக நழுவி வெளியே வந்திருக்கும்.

இன்னொன்று, கணுக்காலுக்குக் கீழே இருக்கும் டாலஸ் எலும்பு உடைவது. கடைசி நொடி வரை பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே போய் மோதியவரின் வலது காலில் இது நடக்கும். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆற மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஆறாமலே எலும்பு செத்துப்போகும்.

அவர் பிரேக் அடிக்கத்தான் செய்தார். வண்டி நிற்கவில்லை. அதனால்தான் எனக்கு பிரேக் மேல் இவ்வளவு அக்கறை.

4/
இப்போது நம்ம கதைக்கு வருவோம்.

அக்கா வீட்டில் 2012 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. பெட்ரோல், ஏபிஎஸ் இல்லாத மாடல். அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் தினமும் காலேஜ் போகிறான். கூட மூணு பசங்க. "வண்டி இனி உன் பொறுப்பு"ன்னு அக்கா சொன்னதும், பயல் நேரா என்னிடம் வந்துவிட்டான்.

"மாமா, வண்டிய ஒரு ரெண்டு இன்ச் இறக்குவோம் மாமா. லோயரிங் ஸ்பிரிங் செட் பார்த்து வச்சிருக்கேன். முன்னாடி பெரிய டிஸ்க் கிட் போட்டுருவோம். அப்புறம் பாருங்க, எப்படி நிக்கும்னு."

"பண்ணுவோம் மாப்ள. ஆனா இப்ப மாட்டியிருக்கிறது எந்த நிலைமையில இருக்குன்னு முதல்ல பார்ப்போம். பரிசோதிக்காம மருந்து எழுதக் கூடாதுல்ல?"

5/
முதல் பரிசோதனைக்குச் செலவே இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, காய்ந்த ரோடு. பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, 40 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுசாக மிதிக்க வேண்டும்.

ஏபிஎஸ் இருந்தால் பெடல் காலில் படபடவென்று உதைக்கும். இல்லாவிட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் தேயும் சத்தம் கேட்கும். ரெண்டில் எது நடந்தாலும் ஒரே அர்த்தம்தான்: சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு பிரேக்குக்கு பலம் இருக்கிறது. அதற்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயரும் ரோடும்.

6/
பெரும்பாலானவர்களுக்குப் புரியாமல் போகிற இடம் இதுதான்.

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர். நாலு டயரும் ரோட்டைத் தொடும் இடம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவுதான். பூட்டுகிற பலம் ஏற்கெனவே இருக்கும் பிரேக்கை எடுத்துவிட்டுப் பெரிய டிஸ்க் போட்டால், அதே டயர் இன்னும் சீக்கிரமாக வழுக்கும். அவ்வளவுதான். நிற்கும் தூரம் குறையாது.

பெரிய டிஸ்க் உதவுவது வேறு விஷயத்துக்கு, அதாவது சூட்டைத் தாங்க. அதைப் பின்னால் சொல்கிறேன்.

7/
மாப்பிள்ளை காரை அவனே ஓட்டிச் சோதித்தான். வலது சக்கரம் பூட்டியது, இடது பூட்டவில்லை. ஸ்டியரிங் வலது பக்கம் இழுத்தது. நிற்கும்போது மூக்கு கீழே குத்தி, நின்ற பிறகும் ரெண்டு முறை ஆடியது. அவனே சாக்பீஸ் எடுத்து, நின்ற இடத்தில் ரோட்டோரம் ஒரு கோடு போட்டான்.

இறங்கி வந்தவன் சொன்னது: "இத்தனை நாளா இதுலயா மாமா போய்ட்டு வந்துட்டு இருந்தேன்?"

மெல்லத் தேய்கிற வண்டியோடு நம் காலும் கையும் மெல்லப் பழகிவிடும். அதனால் வித்தியாசமே தெரியாது. சர்க்கரை நோய் மாதிரி.

8/
அடுத்து, சக்கரத்தைக் கழட்டினோம். பார்த்தது இது:

டயர்: பக்கவாட்டில் 3115 என்று இருந்தது. 2015ஆம் வருடத்தின் 31வது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ரப்பர்தான் கல் மாதிரி இறுகி, பக்கவாட்டில் முடி அளவுக்கு வெடிப்புகள்.

இடது முன் காலிப்பர்: அது நகர வேண்டிய ஸ்லைடு பின் ரெண்டும் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. உள்பக்கத்து டிஸ்க் பேடு தேய்ந்து முடிந்த நிலை. வெளிப்பக்கத்து பேடு பாதி அப்படியே இருந்தது.

பிரேக் ஆயில்: வரக்காப்பி நிறம்.

இடது முன் ஷாக்: ஆயில் கசிந்து, அதன் மேல் செம்மண் தூசு படிந்து கெட்டியாகியிருந்தது. லோயர் ஆர்ம் புஷ் ரெண்டிலும் வெடிப்பு. லிங்க் ராடு கையால் ஆட்டினாலே கடக் கடக் என்றது.

9/
இந்தப் பட்டியலில் அதிசயம் எதுவும் இல்லை. நம்ம ஊரில் பத்து வருஷம் ஓடிய எந்தக் காரைத் தூக்கினாலும் பாதியாவது கிடைக்கும். சித்திரை வெயில் ரப்பரைக் காய வைக்கும். கிரஷர் லாரி ஓடுகிற ரோட்டுத் தூசு பின்னிலும் டிரம்மிலும் போய் அடையும். ஐப்பசி, கார்த்திகை மழை துருப்பிடிக்க வைக்கும்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதெல்லாம் சரி பண்ணிட்டு, அப்புறம் இறக்கலாம்ல மாமா?" என்றான். சரி, பேசுவோம் என்றேன்.

10/
அவனுக்கு ஒரு பேப்பரில் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் தருகிறேன். பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான்.

80 கி.மீ. வேகத்தில் போகும் கார். நல்ல டயர், நல்ல ஷாக், காய்ந்த ரோடு. டயரின் பிடிப்பை 0.7 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து 36 மீட்டரில் நிற்கும்.

அதே கார், இறுகிப்போன டயரும் குதிக்கிற சக்கரமும். பிடிப்பு 0.6 ஆகக் குறைந்தது என்று வைப்போம். 42 மீட்டரில் நிற்கும்.

"ஆறு மீட்டர்தானே மாமா?" என்றான். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

11/
சரி, அந்த 36வது மீட்டரில் ஒரு பாட்டி ரோட்டைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார் அவருக்கு முன்னால் வந்து நின்றுவிடும். பாட்டி திட்டிவிட்டுப் போவார்.

ரெண்டாவது கார் அதே இடத்தில் என்ன வேகத்தில் இருக்கும்? கணக்குப் போட்டால் 30 கி.மீ. கடைசி ஆறு மீட்டரில்தான் அந்த முப்பதும் குறைந்து பூஜ்யமாகும். வண்டி நிற்கும்போது வேகம் சீராகக் குறைந்தாலும், தூரக் கணக்கில் பார்த்தால் பெரும்பங்கு வேகம் கடைசியில்தான் குறைகிறது.

எழுபது வயதுப் பாட்டியின் இடுப்பு எலும்பு உடைய 30 கி.மீ. தாராளம். அதற்குப் பிறகு அவர் எழுந்து நடப்பாரா என்பது எங்கள் கையில் மட்டும் இல்லை.

இது எல்லாம் பிரேக்கை மிதித்த பிறகு. மிதிக்க யோசிக்கிற ஒரு நொடியில், 80ல் போகும் கார் 22 மீட்டர் ஓடிவிடும். கையில் போன் இருந்தால் இன்னும் அதிகம்.

12/
ஷாக் அப்சார்பருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கைச் சும்மா விட்டால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே ஆயிலும், சின்ன ஓட்டைகள் உள்ள பிஸ்டனும் இருக்கும். ஆயில் அந்த ஓட்டை வழியாக நுழைந்து போகச் சிரமப்படுகிறது, ஆட்டம் அடங்குகிறது.

ஷாக் போய்விட்டால் சக்கரம் ரோட்டில் பந்து மாதிரி துள்ளும். துள்ளும்போது டயருக்கும் ரோட்டுக்கும் தொடர்பு விட்டு விட்டுப் போகும். காற்றில் இருக்கிற டயரை என்ன பிரேக் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது.

ஆக, ஷாக்கை சொகுசுக்கான சாமான் என்று நினைக்காதீங்க. அது பிரேக்கின் ஒரு பாகம்.

13/
இப்போது லோயரிங் ஸ்பிரிங் விஷயம். பந்தயக் காரை இறக்குகிறார்கள், உண்மைதான். பளிங்கு மாதிரி ரோட்டில், அதற்கேற்ற ஷாக்கோடு.

நம்ம ரோட்டைப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 செ.மீ. உயரத்தில், மெதுவாக ஏறி இறங்க வேண்டும். உசிலம்பட்டி ரோட்டிலிருந்து ஏதாவது ஒரு ஊருக்குள் திரும்பிப் பாருங்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை, பெயின்ட் கிடையாது, நட்டு வைத்த சுவர் மாதிரி நிற்கும்.

ரெண்டு இன்ச் இறக்கினால் சஸ்பென்ஷன் மேலே கீழே போக இருந்த இடத்தில் பெரும்பங்கு போய்விடும். நாலு பேர் ஏறினால் மிச்சமும் போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் ஸ்டாப்பரில் இடித்து, சக்கரம் துள்ளும். திருப்பத்தில் இடித்தால் வண்டி பிடியை விடும். காசு கொடுத்து ஷாக்கைக் கெடுத்துக்கொண்ட மாதிரி.

வண்டியை உயர்த்த ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் கட்டை மாட்டுவதும் இதே வகைதான். ஸ்பிரிங் அசைய வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது.

14/
சட்டம் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. தேய்ந்த சாமானுக்குப் பதிலாக அதே வகைப் புதுச் சாமான் போடுவதை இது தடுக்காது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரும்போது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

15/
லோயரிங் ஸ்பிரிங்குக்கும் டிஸ்க் கிட்டுக்கும் மாப்பிள்ளை சேர்த்து வைத்திருந்த பணத்தை இந்த வரிசையில் செலவழிக்கச் சொன்னேன்:

முதலில் நாலு டயர்.
ரெண்டாவது, பிரேக் பேடு, ஸ்லைடு பின் சர்வீஸ், புது பிரேக் ஆயில், பின் டிரம் சுத்தம்.
மூன்றாவது, முன் ஷாக் ரெண்டு, பின் ஷாக் ரெண்டு, லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு.
கடைசியாக வீல் அலைன்மென்ட்.

ஷாக், பேடு எல்லாம் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

16/
சாமான் வாங்கும்போது பில் கேளுங்கள். பில் இல்லாத பிரேக் பேடு, பில் இல்லாத மாத்திரை மாதிரி.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. மதுரையில் 1911ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டிவிஎஸ், பஸ் விட்டு வளர்ந்த நிறுவனம். அந்தக் குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962ல் தொடங்கியதுதான் பிரேக்ஸ் இந்தியா. தொழிற்சாலை சென்னை பாடியில். தரமான பிரேக் சாமானுக்கு நாம் வெளிநாட்டுக் கிட் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

17/
சரி, எதை வீட்டில் செய்யலாம்?

எங்கள் தெருவில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட இருக்கச் சம்மதித்தார். அவர் போட்ட முதல் விதி: "சார், ஜாக்கிய நம்பி அடியில போகக் கூடாது."

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். தரை சமமாக, சிமென்ட் தரையாக இருக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கழட்டிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வைக்க வேண்டும். ஸ்டாண்ட் நழுவினாலும் அது தாங்கும்.

செங்கல், ஹாலோ பிளாக் கூடவே கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். நெஞ்சின் மேல் கார் இறங்கினால் மூச்சு விட இடம் இருக்காது. ஆம்புலன்ஸ் வரும் வரை அது காத்திருக்காது. அதனால்தான் தனியாக இந்த வேலை செய்யாதீர்கள் என்கிறேன்.

18/
முன் பிரேக் பேடு மாற்றுவது கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் செய்யக்கூடியதே. கவனிக்க வேண்டியவை:

காலிப்பரைக் கழட்டியதும் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.
பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஆயில் டப்பா நிரம்பி வழியும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.
ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து அதற்கென உள்ள சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.
டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்றுங்கள்.
வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். முதல் சில மிதியில் பெடல் தரை வரை போகும். தெருவில் போய் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

19/
டாக்டராக ஒரு எச்சரிக்கை. டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். பட்டறையில் பலர் அதை ஏர் அடித்து ஊதுவார்கள். வாயால் ஊதுபவர்களும் உண்டு. செய்யாதீர்கள்.

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த நார் நுரையீரலில் போய்த் தங்கினால், பல பத்தாண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் யாரோ எப்போதோ மாட்டிய லைனிங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடையுங்கள். மாஸ்க் போடுங்கள். 

20/
அடுத்தது பிரேக் ஆயில். இருப்பதிலேயே மலிவான அப்கிரேடு, யாரும் செய்யாத அப்கிரேடு.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புதுசாக இருக்கும்போது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்த பிறகு 155.

ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும். பிரேக் பிடிக்காது. ஊசி போடும் முன் சிரிஞ்சைத் தட்டிக் காற்றை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறையில் "ஏர் எடுக்கிறது" என்பதும் குமிழியை வெளியேற்றும் வேலைதான்.

21/
சூடு எவ்வளவு வரும்? 1,300 கிலோ, அதாவது காரும் நாலு ஆளும் கொஞ்சம் சாமானும். 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்தினால் வரும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்.

இது சமதளத்தில். கொடைக்கானலில் இருந்து வத்தலகுண்டு பக்கம் இறங்குவது கிட்டத்தட்ட 1,800 மீட்டர் இறக்கம். அந்த உயரத்தில் அதே காரிடம் இருக்கும் சக்தி, சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்று.

அதை பிரேக் மட்டும் சுமந்தால் கருகல் வாசனை வரும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

22/
பெரிய டிஸ்க், உயர்தர பேடு இவற்றுக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். தினமும் மலை ஏறி இறங்குபவர், பாரம் ஏற்றுபவர், டிராக்கில் ஓட்டுபவர்.

பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. நாலு சக்கரத்திலும் டிரம். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பிடி குறையும். அம்பாசிடரிலேயே பின்னால் வந்த மாடல்களில் முன் டிஸ்க் வந்தது. அப்படி அதே வண்டிக் குடும்பத்தின் சாமானைக் கொண்டு, தெரிந்த பட்டறையில், ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யும் மாற்றம் உண்மையான முன்னேற்றம்.

மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் ஓடுகிற ஸ்விஃப்ட்டுக்குத் தேவை கம்பெனி கொடுத்த பிரேக், ஒழுங்காக வேலை செய்யும் நிலையில்.

23/
ஏர் எடுக்க ரெண்டு ஆள் வேண்டும். மாப்பிள்ளை பெடலில். அண்ணன் சக்கரத்தில், நிப்பிளில் கண்ணாடி டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் இருக்கும் ஆயிலில் முக்கி.

"மிதி... பிடி... பிடிச்சுக்கிட்டே இரு... ம், விடு."

தெரு முழுக்க இதே சத்தம் ஒரு மணி நேரம். கறுப்பு ஆயில் போய், தேன் நிறத்தில் ஆயில் குமிழி இல்லாமல் வரும் வரை. இடையில் மேலே உள்ள டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் உள்ளே காற்று போய்விட்டால் ஸ்கேனர் தேவைப்படும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

டப்பா மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

பழைய ஆயிலை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அது கிளைக்கால் வகை. குழந்தை குடித்தால் சிறுநீரகம் பாதிக்கும்.

24/
வீட்டில் செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. முன் ஷாக்கின் மேல் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிரிப்பது.

முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பமாக இருக்கும். உச்சியில் ஒரே ஒரு நட்டு. ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே அந்த நட்டால் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி சரியாக மாட்டாமல் நட்டைக் கழட்டினால் அந்த ஸ்பிரிங் முகத்தில்தான் அடிக்கும். தாடை, கன்னம், கண். அண்ணனே தன் பட்டறையில் சுவரோடு பொருத்திய பிரஸ்ஸில்தான் செய்கிறார்.

நாங்கள் கம்பத்தை முழுசாகக் கழட்டி அவர் பட்டறைக்கு எடுத்துப் போனோம். அவர் பிரித்து, புது ஷாக்கில் பழைய ஸ்பிரிங்கை ஏற்றிக் கொடுத்தார். மேலே இருக்கும் ரப்பர் மவுண்ட்டையும் சேர்த்து மாற்றினார். பின்பக்கம் இந்த வண்டியில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி என்பதால் வீட்டிலேயே முடிந்தது.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இதுவும் அண்ணன் சொன்னதுதான்.

25/
ரெண்டாவது ஞாயிறு மாலை அலைன்மென்ட் முடிந்தது. புது பேடு உடனே முழுசாகப் பிடிக்காது. காலி ரோட்டில் 60லிருந்து மெதுவாக 10க்கு, பத்துப் பன்னிரண்டு முறை, நடுவில் ஆற விட்டு ஓட்டினோம். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும்.

பிறகு அதே ரோடு. அதே 40. கார் நேராக நின்றது. ஸ்டியரிங் இழுக்கவில்லை. மூக்கு ஒரு முறை குனிந்து நிமிர்ந்து அடங்கியது. சாக்பீஸ் கோடு காருக்கு முன்னால் இருந்தது.

மாப்பிள்ளை இறங்கிப் போய்க் கோட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் நின்று பார்த்தான். அந்த இடத்தில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். நின்றான்.

26/
"ஆனா பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியலையே மாமா. பசங்க நம்பவே மாட்டாங்க."

"தெரியாது மாப்ள. வண்டியில ஏறி வர்ற அந்த மூணு பேருக்கும் தெரிய வேண்டாம். அவங்க அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்."

இன்னும் அவனுக்கு இறக்கும் ஆசை முழுசாகப் போகவில்லை. போனில் அந்த ஸ்பிரிங் செட் போட்டோ அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். வயசு.

27/
சுருக்கமாக:

அப்கிரேடு என்றால் பெரிதாக மாட்டுவது என்று நினைக்காதீங்க. பத்து வருஷத்து காரை அது பிறந்த நாளின் நிலைக்குத் திரும்பக் கொண்டு வந்தாலே பெரிய அப்கிரேடு.
வரிசை: டயர், பிரேக், ஷாக், புஷ், அலைன்மென்ட்.
பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை.
டயர் காற்று காலையில், வண்டி ஓடும் முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவோரம் எழுதியிருக்கும்.
கோடை முடிந்து வரும் முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசும் சேர்ந்து வழுக்கும். அன்று இடைவெளியை ரெண்டு மடங்காக்குங்கள்.
கைவேலை தெரியாதவர்கள் பட்டறையிலேயே கொடுங்கள். ஆனால் கழட்டிய பழைய பேடையும் ஷாக்கையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

28/
இன்றைக்கு ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். போனில் டார்ச் போட்டு, உங்கள் கார் டயரின் பக்கவாட்டில் ஓவல் கட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைப் பாருங்கள். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். ஸ்டெப்னியையும் சேர்த்து. அது உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து பாருங்கள், பரவாயில்லை.

பார்த்துவிட்டு வந்து அந்த நாலு எண்ணை இங்கே கீழே எழுதுங்கள். ஓ.பி. முடிந்து ராத்திரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.